மணிச்சத்துக்கு விலை என்ன?

சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரத்தில் குச்சிக்கிழங்குக் காடு கண்ணில் படும். பாடப்புத்தகத்தில் அதற்கு மரவள்ளி என்று பெயர். கன்னியாகுமரிப் பக்கம் மரச்சீனி. வேறு பயிர் தலைதூக்கத் தயங்கும் மேட்டுக்காட்டுச் செம்மண்ணிலும் அது வளரும். ஒரு சாண் குச்சியை நட்டு, களை பார்த்து, தண்ணீர் காட்டினால் பத்து மாதத்தில் கிழங்கு. சேகோ ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகி அது நம் வீட்டுப் பாயசத்துக்கு வந்துவிடும். ஏழை மண்ணின் பயிர் என்று அதற்கு உலகம் முழுவதும் பெயர் உண்டு.

இந்தச் செடியின் பசியை அளந்து பார்க்க ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முயன்றார்கள். 1970-களின் இறுதியை ஒட்டிய காலம். மண்ணே கிடையாது. சத்துகளை அளந்து கரைத்த தண்ணீரை வேர்களின் மேல் இடைவிடாமல் ஓடவிட்டு, மக்காச்சோளம், சோயா, பருத்தி, மரவள்ளி எல்லாவற்றையும் வளர்த்தார்கள். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், எவ்வளவு குறைவாக இருந்தாலும் மரவள்ளி தாக்குப்பிடிக்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. மக்காச்சோளம் செழித்த தண்ணீரில் மரவள்ளி குன்றிப்போனது. அதைவிடப் பல மடங்கு மணிச்சத்து கொடுத்த பிறகே அது நிமிர்ந்தது.

காட்டில் எதுவும் கேட்காத செடி, ஆய்வகத்தில் ஏன் இத்தனை கேட்கிறது?

விடை கொலம்பியாவில் கிடைத்தது. அங்கே காலி நகரத்துக்கு அருகே சியாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு மையம் இருக்கிறது. மரவள்ளி அதன் முக்கியமான பயிர்களில் ஒன்று. அங்கிருந்த ஆய்வாளர்கள் மண்ணை நுண்ணுயிர் நீக்கம் செய்து, அதில் மரவள்ளியை நட்டுப் பார்த்தார்கள். செடி வளர மறுத்தது. அதே மண்ணில் ஒரு வகைப் பூஞ்சை குடியிருந்த வேர்த்துண்டுகளைக் கலந்ததும் எழுந்து நின்றது. மரவள்ளியின் வேர் தடிமனானது, கிளை குறைவு, வேர்த்தூவியும் சொற்பம். தனியாக விட்டால் அது மணிச்சத்தைத் தேடிப்பிடிக்கத் தெரியாத வேர். காட்டில் அதற்காகத் தேடிக்கொடுத்தது பூஞ்சை. தண்ணீர்த் தொட்டியில் அந்தப் பூஞ்சை இல்லை, அவ்வளவுதான்.

வேரும் பூஞ்சையும் கூடி வாழும் இந்த உறவுக்கு மைக்கோரைசா என்ற பெயரை 1885-இல் வைத்தவர் பெர்லின் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். கிரேக்கத்தில் பூஞ்சை, வேர் என்ற இரண்டு சொற்களை ஒட்டியது. ட்ரஃபிள் என்னும் விலையுயர்ந்த மண்ணடிக் காளானைப் பயிரிட வழி கண்டுபிடியுங்கள் என்று பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டிருந்தது. அவர் தோண்டிப் பார்த்தபோது மரங்களின் நுனிவேர்கள் எல்லாம் பூஞ்சையால் உறைபோட்டதுபோல் மூடியிருந்தன. நோய் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். இந்தப் பூஞ்சை மரத்துக்குப் பாலூட்டும் செவிலி என்று ஃபிராங்க் சொன்னது நெடுங்காலம் எடுபடவில்லை.

அவர் பார்த்தது பைன், ஓக் போன்ற மரங்களில் வேரின் வெளியே போர்த்திக்கொள்ளும் வகை. நம் வயல்களில் இருப்பது வேறு. அது வேரின் உள்ளே நுழைந்து வாழ்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிலத்தில் வாழும் தாவர இனங்களில் ஏறத்தாழ பத்தில் ஏழுக்கு இந்த உள்வகைப் பூஞ்சையோடுதான் உறவு. நெல், சோளம், கம்பு, துவரை, வெங்காயம், மிளகாய், வாழை, மா எல்லாம் இந்தப் பட்டியலில் அடங்கும். உரக்கடைகளில் 'வேம்' என்று விற்பது இதைத்தான்.

மணிச்சத்துக்கு ஏன் இத்தனை பாடு? தழைச்சத்தின் நைட்ரேட் தண்ணீரோடு சேர்ந்து வேரைத் தேடி வந்துவிடும். மணிச்சத்து அசையாது. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், கரிசலில் சுண்ணாம்பும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உரமாகப் போட்ட மணிச்சத்தில் அந்தப் பருவத்துப் பயிர் எடுப்பது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. மீதி மண்ணில் கட்டுண்டு கிடக்கிறது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சித் தீர்த்ததும், அங்கே ஒரு வெற்று வளையம் உருவாகிவிடும். வளையத்துக்கு அப்பால் சத்து இருக்கும், வேருக்கு எட்டாது. அந்த இடைவெளியைத் தாண்ட இன்னொரு வேரை வளர்த்துக்கொண்டே போவது செடிக்குப் பெருஞ்செலவு.

பூஞ்சை இழை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் மெல்லியது. மிகச் சிறிய வேரும் புக முடியாத மண் இடுக்குகளில் அது புகும். வெற்று வளையத்தைக் கடந்து பல சென்டிமீட்டர் போகும். வளமான நிலத்தில் ஒரு கிராம் மண்ணில் இந்த இழைகள் மீட்டர் கணக்கில் ஓடுகின்றன. அதே தூரத்துக்கு வேர் வளர்க்க ஆகும் செலவில் மிகச் சிறிய பங்கே இழைக்கு ஆகும். இழைக்குள் குறுக்குச் சுவர்கள் அரிது, ஒரே நீண்ட குழாய்போல் இருக்கும். எடுத்த பாஸ்பேட்டைப் பூஞ்சை ஒன்றோடொன்று கோத்துச் சரமாக்கி, அந்தக் குழாய் வழியே வேர் நோக்கி அனுப்புகிறது. நைட்ரஜன், துத்தநாகம், தாமிரம்கூட இதே வழியில் வருவதுண்டு.

செடியும் பூஞ்சையும் சந்திப்பது எப்படி என்ற கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒரு வில்லன் உண்டு. சோளக்காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் வரும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையை விவசாயிகள் அறிவார்கள். அதன் விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் தூங்கும்; பக்கத்தில் ஒரு வேர் வந்ததும் விழிக்கும். விழிக்க வைக்கும் பொருளை 1966-இல் பருத்தி வேரின் கசிவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்த வகைப் பொருள்களுக்கு ஸ்ட்ரைகோலாக்டோன் என்று பெயர். ஒரு செடி தன்னைக் கொல்ல வரும் களையை ஏன் கூப்பிட வேண்டும்? கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் இதற்குப் பதில் இல்லை. 2005-இல் ஜப்பானில் கோஹ்கி அகியாமாவின் குழு கண்டுபிடித்தது: செடி கூப்பிடுவது பூஞ்சையை. இந்தப் பொருள் பட்டதும் பூஞ்சை இழை தாறுமாறாகக் கிளைத்து வேரைத் தேட ஆரம்பிக்கிறது. மணிச்சத்து குறையக் குறையச் செடி இதை அதிகமாகக் கசியவிடும். சுடுமல்லி அந்த அழைப்பை ஒட்டுக்கேட்கப் பழகிக்கொண்ட திருடன்.

அழைப்புக்குப் பூஞ்சையும் தன் பங்குக்கு வேதிப்பொருளால் பதில் சொல்கிறது. செடி வழிவிடுகிறது. பூஞ்சை வேரின் செல் ஒன்றுக்குள் நுழைந்து, மேலும் மேலும் கிளைத்து, மிக நுண்ணிய சிறுமரம் போன்ற ஓர் உருவத்தை எடுக்கிறது. ஊதிய பலூனில் விரலை அழுத்தினால் விரல் உள்ளே போனதுபோல் இருக்கும், ரப்பர் கிழியாது. அதைப்போலவே செல்லின் சவ்வும் கிழியாமல் அந்தச் சிறுமரத்தின் ஒவ்வொரு கிளையையும் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. பூஞ்சையின் சவ்வுக்கும் செடியின் சவ்வுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. பண்டமாற்று நடக்கும் சந்தை அதுதான். ஒரு சிறுமரத்தின் ஆயுள் சில நாள்கள். பிறகு செல் அதைக் கரைத்துவிட்டு, இன்னொன்றுக்கு இடம் கொடுக்கும்.

இந்தச் சிறுமரம் ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கல்லாகவும் கிடைத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றின் சிலிக்கா படிந்து உறைந்துபோன 40.7 கோடி ஆண்டுப் பழைய சதுப்பு அது. அங்கே வாழ்ந்த அக்லாவோபைட்டான் என்ற செடியின் செல்களுக்குள் இன்று வெங்காய வேரில் பார்க்கும் அதே உருவம் தெளிவாக இருக்கிறது. அந்தச் செடிக்கு உண்மையான வேர் கிடையாது. தரையில் படர்ந்த தண்டு மட்டும்தான். வேர் என்ற உறுப்பு முழுமையாக உருவாகும் முன்பே இந்தக் கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிட்டது.

பூஞ்சை கொண்டுவரும் மணிச்சத்தை உள்ளே வாங்க, சிறுமரத்தைச் சுற்றிய சவ்வில் தனிக் கதவுகளாகச் சில புரதங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் மரியா ஹாரிசனின் குழு ஒரு பயறுவகைச் செடியில் அந்தப் புரதத்தைச் செயலிழக்கச் செய்து பார்த்தது. சிறுமரங்கள் வளர்ந்து முடியும் முன்பே சிதைந்துபோயின. சரக்கு வந்து சேராவிட்டால் செடி கடையை மூடிவிடுகிறது.

செடி கொடுப்பது என்ன? ஒளிச்சேர்க்கையில் தான் சேர்த்த கார்பனில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குப் போவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அது சர்க்கரை வடிவில் போகிறது என்றே நெடுநாள் பாடம் நடந்தது. சர்க்கரை போவதும் உண்மைதான். ஆனால் ஒரு கணக்கு இடித்தது. இந்தப் பூஞ்சையின் வித்துகளும் இழைகளும் எண்ணெய்த் துளிகளால் நிரம்பியவை. 2013-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தொடக்கத்திலிருந்து தயாரிக்கத் தேவையான முக்கிய நொதிக்கு உரிய மரபணு அதில் காணவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய், எண்ணெய் ஆட்டச் செக்கு இல்லை. 2017-இல் சீனா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் குழுக்கள் தனித்தனியே முடிச்சை அவிழ்த்தன. செடியே கொழுப்பு அமிலத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது, பெரும்பாலும் பதினாறு கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலத்தின் வடிவில். நம் சமையலறைப் பாமாயிலில் நிறைந்திருப்பதும் அதே அமிலம்தான். செடி கொடுப்பதை நிறுத்தினால் இந்தப் பூஞ்சைக்கு வாழ்வில்லை. வேரை விட்டுப் பிரித்து ஆய்வகத் தட்டில் சாதாரண உணவு கொடுத்து அதை வளர்க்க விஞ்ஞானிகள் பல தலைமுறையாகப் பட்ட தோல்விக்கும் காரணம் இதில் இருக்கிறது.

சங்க காலத்து உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றினார்கள். உப்பு கடற்கரையில் மலிவு, மருதத்தில் அரிது. நெல் அதற்கு மறுதலை. செடிக்கும் பூஞ்சைக்கும் நடுவே நடப்பதும் அந்த வகைதான். வெயிலில் நிற்கும் செடிக்குக் கார்பன் மலிவு. மண்ணுக்குள் அலையும் பூஞ்சைக்கு மணிச்சத்து மலிவு. அப்படியானால் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்? ஒருவர் ஏமாற்றினால் என்ன ஆகும்?

ஆம்ஸ்டர்டாமில் பணிபுரியும் டோபி கியர்ஸ் இதைச் சோதித்தார். 2011-இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், ஒரே வேர்த்தொகுதியில் தாராளமாக மணிச்சத்து தரும் பூஞ்சையும் கஞ்சத்தனமான பூஞ்சையும் குடியிருந்தன. கார்பனுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தபோது, தாராளமான பூஞ்சைக்கே அதிகம் போனது தெரிந்தது. பூஞ்சையும் சளைத்ததில்லை, கார்பன் அதிகம் கொடுத்த வேருக்கே அதிக மணிச்சத்தை அனுப்பியது. 2019-இல் ஒளிரும் நுண்துகள்களால் மணிச்சத்துக்கு அடையாளமிட்டுப் பார்த்தார்கள். பூஞ்சை மணிச்சத்து மலிந்த இடத்திலிருந்து பஞ்சமான இடத்துக்குச் சரக்கை நகர்த்தியது. அங்கேதான் அதற்கு வேரிடமிருந்து நல்ல விலை.

இதைப் படித்ததும் மண்ணுக்கடியில் நியாயமான சந்தை நடக்கிறது என்று எழுதிவிடத் தோன்றும். பலர் எழுதியும் விட்டார்கள். அதற்கு முன் பாசல் நகரில் நடந்த ஒரு சோதனையைப் பார்க்க வேண்டும். 2012-இல் ஃபுளோரியான் வால்டரும் மற்றவர்களும் சோளத்தையும் ஆளியையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, இரண்டுக்கும் ஒரே பூஞ்சை வலையைப் பொதுவாக்கினார்கள். வலைக்குக் கார்பன் கொட்டிக்கொடுத்தது சோளம். வலை கொண்டுவந்த மணிச்சத்திலும் தழைச்சத்திலும் 94 விழுக்காடு வரை வாங்கிக்கொண்டது ஆளி. ஆளி கொடுத்ததோ கொஞ்சம். சோளம் நலிந்ததா என்றால் அதுவும் இல்லை; நம் வெயிலுக்குப் பழகிய அந்தப் பயிருக்குக் கார்பன் மிச்சம் இருந்தது, அதன் வளர்ச்சியில் பெரிய குறைவில்லை. ஆக, கொடுத்த அளவுக்கு வாங்குவது என்ற விதி எல்லா இடத்திலும் இல்லை. எந்தச் செடி, எந்தப் பூஞ்சை, மண்ணில் எது பஞ்சம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. சந்தை என்ற உவமை பாதி தூரத்துக்குத்தான் வரும் என்பது என் கருத்து.

காட்டு மரங்கள் பூஞ்சை வலை வழியாக ஒன்றுக்கொன்று உணவூட்டுகின்றன, தாய்மரம் தன் கன்றுகளைக் காக்கிறது என்ற செய்தி இதைவிட வேகமாகப் பரவிவிட்டது. அதன் தொடக்கம் நேர்மையான ஆய்வு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சூசன் சிமார்ட், பிர்ச் மரக் கன்றிலிருந்து டக்ளஸ் ஃபிர் கன்றுக்குக் கார்பன் போவதை 1997-இல் காட்டினார். ஆனால் அது மண் வழியாகப் போனதா, பூஞ்சை வழியாகவா, வாங்கிய மரத்துக்கு அதனால் உண்மையில் பயன் உண்டா என்பதெல்லாம் காட்டில் நிரூபிக்கக் கடினமானவை. 2023-இல் ஜஸ்டின் கார்ஸ்ட்டும் இரண்டு சக ஆய்வாளர்களும் இருக்கும் சான்றுகளை எல்லாம் அலசி, பரவலாகச் சொல்லப்படும் கதைகளுக்குக் களச் சான்று போதாது என்று எழுதினார்கள். அவர்களே முன்பு இந்த வலையை ஆராய்ந்தவர்கள். தாய்மரக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறுதியாகத் தெரிந்த பகுதியே போதுமான அளவு வியப்பானது.

உறவு முறியும் இடத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஈரம் சேமிக்க வயலை ஓராண்டுக்கு மேல் களைகூட இல்லாமல் வெற்றாகப் போட்டுவைப்பார்கள். அடுத்து விதைத்த மக்காச்சோளமும் சூரியகாந்தியும் காரணம் தெரியாமல் குன்றும். ஓய்வெடுத்த நிலம் இன்னும் நன்றாக விளைய வேண்டுமே? 1987-இல் ஜான் தாம்சன் விளக்கினார்: செடியே இல்லாத அந்தக் காலத்தில் பூஞ்சை பட்டினியால் மெலிந்துவிட்டது, அதனால் பயிருக்கு மணிச்சத்தும் துத்தநாகமும் கிடைக்கவில்லை. மண்ணில் அந்தச் சத்துகள் இருந்தும்.

அடிக்கடி ஆழமாகப் புரட்டும் உழவு இழைகளை அறுக்கிறது. கோடை உழவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். களைக்கும் பூச்சிக்கும் மழைநீருக்கும் அதனால் நன்மை உண்டு. வருடத்துக்கு எத்தனை முறை சுழல் கலப்பை ஓட்டுகிறோம் என்பதை மட்டும் யோசிக்கலாம். கடுகு, முட்டைக்கோசு, காலிஃபிளவர் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேராது. தண்டுக்கீரை, பீட்ரூட் வகையும் பொதுவாக அப்படித்தான். அவற்றைத் தொடர்ந்து பயிரிட்ட நிலத்தில் பூஞ்சைக்கு வீடு இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய முறிவு உரமூட்டையிலிருந்து வருகிறது. ஒரு மூட்டை டிஏபியில் 46 விழுக்காடு மணிச்சத்து. வேருக்கு அருகே அது தாராளமாகக் கிடைத்ததும் செடி அழைப்புப் பொருளைக் கசியவிடுவதைக் குறைக்கிறது. உள்ளே வர முயலும் பூஞ்சைக்கும் வழி விடுவதில்லை. செடியின் பக்கம் நியாயம் உண்டு. இலவசமாகக் கிடைப்பதற்கு யார் விலை கொடுப்பார்கள்? ஆனால் விலையை உழவர் கொடுக்கிறார். இந்தியாவுக்குத் தேவையான பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. உலகின் அறியப்பட்ட பாஸ்பேட் இருப்பில் சுமார் பத்தில் ஏழு பங்கு மொராக்கோ பக்கம் கிடக்கிறது.

காற்றின் கணக்கையும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஹைடி ஹாக்கின்ஸ் தலைமையில் 2023-இல் வந்த மதிப்பீட்டின்படி, தாவரங்கள் ஆண்டுதோறும் எல்லா வகை மைக்கோரைசாப் பூஞ்சைகளுக்கும் கொடுக்கும் கார்பன் 1,312 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம். நிலக்கரி, பெட்ரோலிய எரிப்பால் உலகம் ஓராண்டில் வெளிவிடுவதில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். இது மண்ணுக்குள் போகும் அளவு. அதில் எவ்வளவு அங்கேயே தங்கும் என்பது வேறு கேள்வி. ஒரு பகுதி சில நாளில் மூச்சாகத் திரும்பிவிடும். பூஞ்சையைப் போட்டால் புவி வெப்பம் தணியும் என்று விற்க வருபவர்களிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

கல்லூரி ஆய்வகம் உள்ள எந்த ஊரிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். சின்ன வெங்காயத்தின் வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைத்து வெளுக்க வேண்டும். பிறகு மைப்பேனா மையும் வினிகரும் கலந்த நீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு அலசினால், நுண்நோக்கியில் சிறுமரங்கள் நிறமேறித் தெரியும். இந்த எளிய முறை 1998-இல் வெளியானது. விலையுயர்ந்த சாயம் தேவையில்லை. தாவரவியல் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த பருவத்துக்கு டிஏபி வாங்கக் கடைக்குப் போகும்முன் மண்வள அட்டையை எடுத்து மணிச்சத்து வரியைப் பாருங்கள். அதில் 'அதிகம்' என்று இருந்தால் இந்த முறை மூட்டை வேண்டாம். வேம் வாங்கினால் மண்ணின் மேலே தூவாதீர்கள். மிளகாய், வெங்காய நாற்றங்காலில் விதைக்கு அடியில், குச்சிக்கிழங்குக் காட்டில் குச்சி ஊன்றும் குழியில், புதுவேர் தொடும் இடத்தில் போடுங்கள். முட்டைக்கோசுக்கு அதை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். இரண்டு பயிருக்கு நடுவே நிலத்தை மாதக்கணக்கில் வெற்றாக விடாமல், நாலு படி தட்டைப்பயறாவது விதைத்துவையுங்கள்.